புதுப்பிப்பு: சீன வாடிக்கையாளர்களுக்கு டொமைன் பெயர் – ஒருவழியாக முடிந்தது

கொழும்பிலிருந்து சீனாவுக்குத் தேயிலை விற்கும் எங்கள் சிறு கடைக்கு என்ன டொமைன் (இணையதள முகவரி) வாங்கலாம் என்று இரண்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு, பின்யினோடு எண்ணைச் சேருங்கள்" என்ற யோசனைதான். பின்யின் என்பது சீனச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை. சீன ரயில் டிக்கெட் தளமே 12306 என்ற எண்தானே!

முதலில் சிலோனைக் குறிக்கும் 'ஷீலான்' என்று வைக்கப் பார்த்தோம். குவாங்சோவில் சரக்கு எடுப்பவர் சிரித்துவிட்டார். தொனிக்குறி இல்லாமல் எழுதினால் அதை 'நைந்து கூழானது' என்றும் படிக்கலாமாம். அப்புறம் 'ஹொங்ச்சா' என்று மாற்றினோம். நாம் கறுப்புத் தேயிலை என்பது அவர்களுக்குச் சிவப்புத் தேநீர்.

எண்ணிலும் ஒரு வேடிக்கை. சீன மொழியில் 4 சாவு போல ஒலிக்கும், வேண்டாம் என்பது தெரியும். அதிர்ஷ்டம் என்று 88 போட்டோம். ஆனால் சீனர்களின் இணைய அரட்டையில் அதற்கு 'பை பை' என்று அர்த்தம்! கடைசியில் 518. 'நான் செழிக்கப் போகிறேன்' என்பது போல ஒலிக்கும்.

டாட் காம், சீனாவுக்கான டாட் சிஎன் இரண்டையும் வாங்கினோம். டாட் சிஎன்னுக்கு அடையாளச் சான்று சரிபார்ப்பு உண்டு. சீனாவுக்குள் சர்வர் வைக்க ஐசிபி பதிவு (இணையதளத்தை சீன அரசிடம் பதிவது) வேண்டும். அங்கே எங்களுக்கு நிறுவனம் இல்லாததால் ஹாங்காங் சர்வர்தான்.

எதிர்பாராதது: கூகுள் சர்வரிலிருந்து வரும் எழுத்துருவுக்காகக் காத்திருந்து, எங்கள் பக்கம் சீனாவில் திறக்காமல் நின்றது. அதை எடுத்ததும் சரியாகிவிட்டது.