தோட்டத்து விலாசத்தை ஏற்காத ஒன்லைன் படிவம்: பிழை யாருடையது?

ஹட்டன்காரன்:
நேற்று அக்கா மகளுக்குப் புலமைப்பரிசில் படிவம் நிரப்ப கொமியூனிகேஷனுக்குப் போனோம். வீதிப் பெயர் கட்டாயமாம். அவர்கள் இருப்பது தோட்டத்துக் கீழ்ப்பிரிவு 6ஆம் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அங்கே ஏது வீதி? கடைக்காரத் தம்பி ‘நோ ரோட்’ என்று அடித்துவிட்டார். அப்புறம் முதலெழுத்துக்குப் பின்னால் வைத்த புள்ளிக்கு ஒரு சிவப்பு, கடைசிப் பெயர் இல்லையென்று இன்னொரு சிவப்பு, தமிழில் ‘சரவணன்’ என்று தகப்பன் பெயரை அடித்தால் ‘எழுத்துகள் மட்டும்’ என்கிறது. ஒன்றரை மணித்தியாலம் போச்சு. இவ்வளவு இறுக்கம் எதற்கு?

பதுளைப் பிள்ளை:
அண்ணா, நான் நாலு வருஷம் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றியவள். விட்டுக்கொடுத்தால் என்ன வரும் தெரியுமா, விலாசத்தில் ஊர் மட்டும், போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைவு, அடையாள அட்டை இலக்கத்தில் பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில ஓ. லய இலக்கம் இல்லாமல் தோட்ட ஆபீஸுக்கு வரும் கடிதத்தை ஒரே பெயருள்ள நாலு பேரில் யாரிடம் கொடுப்பது? நேர்முகத்தேர்வு முடிந்த பிறகு கடிதம் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இறுக்கம் வேண்டும்தான்.

ஹட்டன்காரன்:
லய இலக்கம் வேண்டுமென்றால் அதைத்தானே கேட்க வேண்டும் தங்கச்சி? வீதியைக் கேட்டதால் உங்களுக்குக் கிடைத்தது ‘நோ ரோட்’. குப்பை வரக் காரணமே அந்த இறுக்கம்தான்.

நானுஓயா கோடர்:
சரவணன் விஷயம் எனக்குப் பழக்கம். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் ச, ர, வ, ண எல்லாம் ‘எழுத்து’ வகை, ஆனால் புள்ளியும் கால், கொம்பும் ‘குறி’ வகை. எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் ‘சரவண’ தேறும், ‘சரவணன்’ தேறாது. குறி வகையையும் சேர்க்க ஒரு வரி போதும். அடையாள அட்டைக்கு விதி இருக்கிறது, அங்கே இறுக்கலாம்: பழையதில் 9 இலக்கமும் ஆங்கில வீ அல்லது எக்ஸும், 2016இலிருந்து வந்த புதியதில் 12 இலக்கம். பிறந்தது வருஷத்தின் எத்தனையாவது நாள் என்ற எண்ணும் அதற்குள் இருக்கும், ஆனால் பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும், அதை மறந்து 366க்கு மேல் போனால் பிழை என்று எழுதினால் பெண்கள் யாருமே உள்ளே வர முடியாது. பெயருக்கு அப்படி விதி ஏது? வெற்றாக இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

பதுளைப் பிள்ளை:
பெயரை விட்டுவிடுகிறேன். விலாசத்தை விடமாட்டேன். தோட்டம், பிரிவு, லயம் மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டி, மூன்றும் கட்டாயம். சோதனை, படிவம் போய்ச் சேரும் சேர்வர் கணினியிலும் நடக்க வேண்டும், ப்ரவுசரில் மட்டும் வைத்தால் அதைத் தாண்டி எதையும் அனுப்பலாம்.

ஹட்டன்காரன்:
டவுனில் இருப்பவருக்கு லயம் கட்டாயமென்றால் அவர் ‘நோ லயம்’ என்று அடிப்பார்! தோட்டமா டவுனா என்று முதலில் கேட்டுவிட்டுப் பெட்டியைக் காட்டுங்கள்.

பதுளைப் பிள்ளை:
சரி, அது நடக்கும். சிவப்பில் வரும் வசனமும் தமிழில் வரட்டும், ‘இன்வேலிட்’ என்றால் அக்காவுக்கு என்ன விளங்கும்?