பத்துப் பேர் கூட்டமாய் ஃபாண்டூ சாப்பிடப் போவது சரிவருமா?

வடசேரி வாசி:
கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கள் கல்லூரி செட் நாகர்கோவிலில் கூடுகிறது. மொத்தம் பத்துப் பேர். வழக்கமாக பிரியாணி, இல்லாவிட்டால் முட்டம் பக்கம் மீன் சாப்பாடு என்று முடித்துக்கொள்வோம். இந்த முறை சூரிச்சில் வேலை பார்க்கும் ஒருவன், திருவனந்தபுரத்தில் ஒரு உணவகத்தில் ஃபாண்டூ கிடைக்கிறது, அங்கே போவோம் என்று பிடிவாதமாக நிற்கிறான். மேசை நடுவில் சின்ன அடுப்பு, அதன்மேல் உருகிய சீஸ் சட்டி. நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். பாதிப் பேர் சரி என்கிறார்கள், மீதிப் பேர் முறைக்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் காற்று:
வேண்டாம் மக்கா. ஆபீஸ் கூட்டத்தோடு ஒரு இடத்துக்குப் போய் அனுபவித்தவன் சொல்கிறேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சட்டி வைத்தார்கள். எட்டாத ஆள் எழுந்து நின்று முக்குகிறான், சீஸ் நூலாக இழுத்துக்கொண்டு பக்கத்து ஆள் சட்டையில் விழுகிறது. பேச்சுவாக்கில் அடுப்பு அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேலே ஏடு கட்டி, குத்தினால் மொத்தமும் கரண்டியோடு எழும்பி வந்தது. பில்லைக் கட்டிவிட்டு, களியக்காவிளையில் வண்டியை நிறுத்தி பொறோட்டா தின்றுவிட்டுத்தான் வீடு வந்தோம். அத்தனை தூரம் போய் இதற்கா?

தக்கலை டீச்சர்:
அது கடைக்காரர் செய்த கோளாறு, சாப்பாட்டின் கோளாறு இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆளுக்கு 200 கிராம் சீஸ், ஏறக்குறைய அதே அளவு ரொட்டி என்று கணக்கு வைப்பார்கள். அதைத் தின்றவனுக்குப் பொறோட்டா ஞாபகமே வராது. குளிர்கால மலைச் சாப்பாடு அது, நன்றாகவே கனக்கும். சட்டியில் குறைவாகப் போட்டால் பசிக்கத்தானே செய்யும்?

இன்னொன்று. நம்மூர் ஓட்டல்களில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினைந்து நிமிடத்தில் இலை காலி. அப்புறம் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்வார்கள். ஃபாண்டூவில் அது நடக்காது, ஒரு வாய்க்கு ஒரு தடவை முக்க வேண்டும். ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டவர் அடுத்த சுற்றுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அங்கே ஒரு விளையாட்டும் உண்டு. வருஷம் கழித்துச் சந்திக்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குளச்சல் காற்று:
டீச்சர், எச்சிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? வாயில் வைத்த கரண்டி மறுபடி சட்டிக்குள் போகிறது. பத்து வாய், ஒரு சட்டி. வீட்டில் தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடி என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் நாம்.

மார்த்தாண்டம் சமையல்காரன்:
நான் வெளிநாட்டு ஓட்டல் அடுக்களையில் வேலை பார்த்தவன். அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. நீளக் கரண்டியை உதட்டில் படாமல் பல்லால் மட்டும் ரொட்டியை உருவி எடுப்பதுதான் முறை. அது வராதவர்கள் ரொட்டியைத் தட்டில் இறக்கி, வேறு கரண்டியால் சாப்பிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கரண்டிப் பிடி நுனியில் கலர் வைத்திருப்பது ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்கத்தான்.

ஒரு சட்டிக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. பத்துப் பேர் என்றால் மூன்று சட்டி. சட்டி கனமாக இருக்க வேண்டும், அடியில் தீ சின்னதாக, ஆனால் அணையாமல். தீ கூடினால் சீஸின் புரதம் இறுகி, கொழுப்பு பிரிந்து எண்ணெயாக மிதக்கும். வெள்ளை ஒயின் சேர்ப்பது வாசனைக்கு மட்டுமில்லை, அதன் புளிப்பும் கூடவே போடும் கார்ன்ஃப்ளாரும்தான் கலவையைப் பிரியாமல் பிடித்து வைக்கின்றன. முக்குகிற ஒவ்வொருவரும் அடிவரை கிண்டிவிட வேண்டும். மேலாக நனைத்து எடுத்தால் ஏடு கட்டத்தான் செய்யும். ரொட்டி முந்தின நாள் ரொட்டியாக, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் மேல்தோல் இருக்கும்படி வெட்ட வேண்டும். கரண்டியைத் தோல் பக்கமாகக் குத்தி இறக்கினால் நழுவாது. கடைசியில் அடியில் பொன்னிறமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் சீஸைச் சுரண்டிப் பங்கு போடுவார்கள். அதை விட்டுவிட்டு வந்தால் பாதி ருசி போச்சு.

எண்ணெய்ச் சட்டியில் கறியைப் பொரிக்கும் வகையும் உண்டு. பச்சைக் கறி குத்திய கரண்டியை எக்காரணம் கொண்டும் வாயில் வைக்காதீர்கள். குழந்தைகள் வருகிறார்கள் என்றால் கொதிக்கிற எண்ணெய் மேசைக்கே வேண்டாம்.

சுசீந்திரம் சைவம்:
சீஸ்தானே, சைவம்தானே என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபாண்டூவின் முக்கியச் சீஸான கிருயேரில் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பாரம்பரியமாகச் சேர்க்கிறார்கள். ஒயின் போக, கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் விடுவார்கள். கொதித்தால் சாராயம் முழுக்க ஆவியாகிவிடும் என்பதும் உண்மை இல்லை, கொஞ்சம் தங்கத்தான் செய்யும். என்னைப் போன்றவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டு, பில்லில் சம பங்கு கட்டுவதா?

மார்த்தாண்டம் சமையல்காரன்:
முன்கூட்டியே சொன்னால் வழி இருக்கிறது. ஒயினுக்குப் பதில் ஆப்பிள் ஜூஸும் எலுமிச்சைச் சாறும் போதும். என்ன சீஸ் என்று கேளுங்கள், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொல்லத் தயங்குகிற கடை என்றால் அந்தச் சட்டியைத் தொட வேண்டாம்.

குளச்சல் காற்று:
இவ்வளவு விசாரித்துச் சாப்பிட இது என்ன பரம்பரைப் பண்டமா? சுவிஸ் தேசிய உணவு என்று இதைத் தூக்கி நிறுத்தியதே 1930களில் அங்கே சீஸ் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த சீஸ் யூனியன் என்ற அமைப்புதான், சீஸ் விற்பதற்காக. விளம்பரத்தைக் காசு கொடுத்துத் தின்னப் போகிறீர்கள். அந்தக் காசுக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளைக் கறியும் பத்துப் பேர் வயிறு முட்டத் தின்னலாம்.

தக்கலை டீச்சர்:
மரச்சீனியை நீங்கள் இழுத்தது நல்லதாகப் போயிற்று. அது தென் அமெரிக்கக் கிழங்கு. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா சொல்லிச் சொல்லித்தான் நம்மூரில் பரவியது. யாரோ பரப்பிய பண்டம் என்பதற்காக நீங்கள் கிழங்கை ஒதுக்குகிறீர்களா?

குளச்சல் காற்று:
மகாராஜா பரப்பியது பஞ்சத்துக்கு. பஞ்சத்தில் வயிறு நிறைத்தது நிலைத்துவிட்டது. இது பணம் அதிகமானவர்களுக்கு. இரண்டும் ஒன்றா? சட்டிக்கு நாலு பேர் என்றால் பத்துப் பேரும் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கே கூடிச் சாப்பிடுவது?

தக்கலை டீச்சர்:
ஒரே நீள மேசையில் மூன்று சட்டியையும் வரிசையாக வைத்தால் யாரும் பிரிய மாட்டார்கள். பாதியில் இடம் மாறி உட்காரலாம். கடைசிச் சட்டி சாக்லேட்டாகக்கூட இருக்கட்டும். அது 1960களில் நியூயார்க்கில் கோன்ராட் எக்லி என்ற சுவிஸ்காரர் தன் உணவகத்தில் கொண்டுவந்தது. பழத்துக்கு மட்டி வாழைப்பழம் வேண்டாம், குழைந்து சட்டிக்குள் விழுந்துவிடும். ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம் என்றால் கரண்டியில் நிற்கும்.

வடசேரி வாசி:
கூடவே என்ன குடிப்பது? குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் கட்டியாகிவிடும் என்று சூரிச்காரன் பயமுறுத்துகிறான்.

மார்த்தாண்டம் சமையல்காரன்:
அங்கே எல்லோரும் சொல்வதுதான் அது. ஒயினா டீயா என்ற சண்டையை சூரிச்சிலேயே சோதித்து, 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஃபாண்டூவோடு ஒயின் குடித்தவர்களுக்கு, பால் விடாத கட்டஞ்சாயா குடித்தவர்களைவிட வயிறு காலியாக நேரம் பிடித்தது, ஆனால் வயிற்றுத் தொந்தரவில் வித்தியாசம் இல்லை. திரும்பி வண்டி ஓட்டுகிறவர் கட்டஞ்சாயாவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

சுசீந்திரம் சைவம்:
அந்த ஒயின் பில்லைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் சொன்னால் சண்டைதான் வரும்.

வடசேரி வாசி:
கடைக்கு போன் போட்டேன். மூன்று சட்டி தருவார்களாம், ஒன்று ஒயின் இல்லாமல். ஆனால் முந்தின நாளே முன்பணம் கேட்கிறார்கள். குரூப்பில் இன்னும் நாலு பேர் பிரியாணிக்கே ஓட்டுப் போட்டு நிற்கிறார்கள்.