பூஞ்சைக்கொல்லியா, பூஞ்சையடக்கியா?

வணக்கம்.

அலங்காரச் செடிகளின் அழுகல் நோய்க்குத் தாவரச் சாறு ஊற்றுவதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘தாவரப் பூஞ்சைக்கொல்லி’ என்றே எழுதி வந்தேன். இனி அப்படி எழுதக் கூடாது என்று படுகிறது.

சாற்றை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். கிளாடியோலஸ் கிழங்கை அழுகவைக்கும் பியூசேரியம் என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். பூஞ்சை வளர்க்கும் அகார் ஊடகத்தில் (ஆறினால் கூழாக உறையும் சத்துக் கரைசல்) சாற்றைக் கலந்து தட்டில் ஊற்றுவார்கள். அது உறைந்ததும் நடுவில் பூஞ்சையின் வட்டத்துண்டு ஒன்றை வைப்பார்கள். சில நாள் கழித்து, சாறு கலக்காத தட்டில் வெள்ளைப் பஞ்சு போல 80 மில்லிமீட்டர் படர்ந்திருக்கிறது, சாறு கலந்ததில் 20 மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 விழுக்காடு என்று குறித்துக்கொள்வார்கள். அது வளர்ச்சி எவ்வளவு குறைந்தது என்பதன் கணக்கு. தலைப்பில் ‘கொல்லி’ என்று இருந்தால், முக்கால்வாசிப் பூஞ்சை செத்துவிட்டது என்றுதானே படிப்பவர் எடுத்துக்கொள்வார்?

செத்ததா என்று பார்க்க இன்னொரு படி உண்டு. துளியும் வளராமல் நின்ற துண்டை எடுத்து, சாறில்லாத புதுத் தட்டில் வைக்க வேண்டும். ஓரத்தில் மறுபடி வெள்ளை இழை கிளம்பினால் அது சாகவில்லை, அடங்கிக் கிடந்திருக்கிறது. செடி வளர்ப்பவருக்கு இது சின்ன வேறுபாடு இல்லை. அடங்கிய பூஞ்சை, சாற்றின் வீரியம் போனதும் எழும். ஒரு முறை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்தால் வேர் போய்விடும்.

அதனால் என் பரிந்துரை ‘பூஞ்சையடக்கி’. ‘பூஞ்சைத்தடுப்பி’ என்ற சொல்லும் முன்வைக்கப்பட்டது. நல்ல சொல்தான், ஆனால் தடுப்பு என்றால் வருமுன் காப்பது என்ற பொருள் அதில் முந்திக்கொண்டு வருகிறது. நடுவதற்கு முன் கிழங்கை நனைத்து எடுக்கும் மருந்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பூச்சிக்கொல்லி, பூச்சிவிரட்டி என்று இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே, அதே தெளிவு இங்கேயும் வேண்டும். புதுத் தட்டிலும் எழாமல் போனால் தாராளமாகக் கொல்லி என்று சொல்வோம்.

அப்புறம் ‘சாறு’. பச்சையாக இடித்துப் பிழிந்ததையும் கொதிக்கவைத்து இறக்கியதையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். பூண்டில் இது உண்மையிலேயே கெடுதல் செய்யும். பல்லை நசுக்கும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை செய்து, பூஞ்சையை அடக்கும் அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது. முழுப் பல்லாகக் கொதிக்கவிட்டால் நொதி முதலிலேயே கெட்டுவிடும். ஆகவே பிழிந்தது சாறு, காய்ச்சியது கஷாயம் என்று பிரித்தே எழுதுவோம். இரண்டுமே வழக்கில் உள்ள சொற்கள், புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வேரழுகலில் பெரும்பங்கு பித்தியம் (Pythium), பைட்டோப்தோரா (Phytophthora) என்ற நுண்ணுயிரிகளுடையது. பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் அவை உண்மையான பூஞ்சைகள் அல்ல. அவற்றின் செல்சுவரில் முக்கியமாக இருப்பது, பூஞ்சைகளின் சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருள் இல்லை, செல்லுலோஸ் வகைப் பொருள்தான். இவற்றை அடக்கும் சாற்றையும் பூஞ்சையடக்கி என்றே சொல்லலாமா, ‘அழுகலடக்கி’ என்று நோயின் பெயரால் சொல்லலாமா? பின்னதில் பாக்டீரியா அழுகலும் உள்ளே வந்துவிடுமே என்று தயங்குகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.