வேட்டைப் பை தோளை அறுக்கிறது, முட்டியும் போச்சு: எது வாங்கலாம்?

பனிமலை22: அவசரம். அக்டோபரில் வேட்டைக்குப் போகிறேன். இருக்கிற பை தோளை அறுக்கிறது, இறக்கத்தில் இடது முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. பல வருஷம் உழைக்கிற பையாக ஒன்று சொல்லுங்கள்.

சோளக்காடு: எந்த ஊர்? என்ன விலங்கு? வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்?

கரிசல்மண்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இதற்கு யோசனை வேறா?

பனிமலை22: அமெரிக்காவில் கொலராடோ. எல்க் மான், ரைபிள் சீசன் (துப்பாக்கி வேட்டைக்கு அனுமதிக்கும் காலம்). உரிமம் இருக்கிறது. தூரம் நாலு மைல் இருக்கும்.

மூத்தவன்: தம்பி, இதை நான் பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை எத்தனை அங்குலம்? அதை அளக்காமல் பிராண்ட் கேட்பது வீண்.

நீலவானம்: பையைத் தாங்கும் முதுகுச் சட்டம் (ஃபிரேம்) கார்பனில் இருப்பதாக வாங்குங்கள். பை எடை குறைந்தால் முட்டிக்கு நல்லது.

சோளக்காடு: அதில் மிச்சமாவது ஒரு தண்ணீர் பாட்டில் எடைகூட வராது. ஆண் எல்க்கின் பின்னந்தொடை ஒன்றே எலும்போடு 25 கிலோவைத் தொடும். அலுமினியத் தகடு என்றால் முதுகு வளைவுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாம்.

நீலவானம்: வளைந்துகொண்டே இருந்தால் அது என்ன சட்டம்? பாரம் ஏறினால் விறைப்பாக நிற்க வேண்டாமா?

கரிசல்மண்: உரிமம் இருந்தாலும் உயிர் உயிர்தானே. கடையில் இறைச்சி கிடைக்காதா?

சோளக்காடு: கடையில் கிடைப்பதும் உயிர்தான் ஐயா. அதை வேறு இழையில் பேசுவோம், இவருக்கு முட்டி வலி.

மேட்டுநிலம்: பனிமலை, பாரம் இடுப்பில் உட்கார வேண்டும். எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி எலும்பு விளிம்பின் மேல் வருமாறு வைத்து முதலில் அதை இறுக்குங்கள். அப்புறம்தான் தோள்பட்டை. சட்டத்தின் உச்சியிலிருந்து தோளுக்கு வரும் சின்னப் பட்டை 45 டிகிரி அளவில் சாய்ந்திருக்க வேண்டும். சட்டம் குட்டையாக இருந்தால் அது படுத்துவிடும், முழு எடையும் தோளில் இறங்கும். இறைச்சியைச் சட்டத்துக்கும் பைக்கும் நடுவே, முதுகை ஒட்டிக் கட்டுகிற வகையாகப் பாருங்கள். உழைப்புக்கு 500 டெனியர் (நூல் தடிமன்) கார்டுரா என்கிற முரட்டு நைலான் துணி போதும். துணியைவிடத் தோள்பட்டை சேருமிடத்துத் தையலை இழுத்துப் பாருங்கள், பிய்வது அங்கேதான். முட்டிக்கு எந்தப் பையும் மருந்தில்லை. இறைச்சியிலிருந்து எலும்பை நீக்கி, பாரத்தைப் பல நடையாகப் பிரித்து, இரண்டு கைத்தடியோடு இறங்குங்கள்.

சோளக்காடு: இன்னொன்று. அங்கே ரைபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் உடுப்பு கட்டாயம், அதில் தொப்பி எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். பெரிய பை முதுகை மறைத்துவிடும், பை மேலேயும் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள்.

மூத்தவன்: அளவு இன்னும் வரவில்லை.

பனிமலை22: 19 அங்குலம். என் பையின் சட்டம் தோளுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. கடையில் 26 அங்குலச் சட்டம் மாட்டி, இரண்டு அரிசி மூட்டை வைத்துப் படி ஏறி இறங்கினேன். தோளில் பட்டை தொட்டும் தொடாமலும் நின்றது. அதையே எடுத்துவிட்டேன். முட்டிக்கு பிசியோவிடம் போகிறேன். நன்றி.

நீலவானம்: கார்பனா, அலுமினியமா?

சோளக்காடு: என்ன விலை ஆச்சு?