2008 ஹைலக்ஸ் பக்கி: ஒரிஜினல் மேக் வீலில் விரிசல், ரேஞ்சர் வீல் ஏறுமா?

சாட்ஸ்வர்த் பக்கிக்காரன்:
வணக்கம். வண்டி 2008 டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி, அதாவது பிக்கப். 3.0 டி-4டி, ரெய்ஸ்டு பாடி (உயரம் கூடினது), டபுள் கேப். நாலு வீலும் கம்பெனியிலிருந்தே வந்த அலுமினிய மேக். இடது முன் வீலில் ராத்திரி காற்று அடித்தால் காலையில் பாதி இறங்கிப்போகிறது. டயர் கடையில் சோப்புத் தண்ணி ஊற்றிப் பார்த்தார்கள். டயரில் ஆணி இல்லை, வால்விலும் கசிவு இல்லை. வீலின் உள்பக்க விளிம்பில் நகம் தட்டுப்படுகிற மாதிரி ஒரு கோடு, குமிழ் அங்கிருந்துதான் வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் டர்பன் ரோடு இருக்கிற லட்சணம் தெரியுமே, ஏதோ ஒரு குழியின் வேலை.

ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு ஸ்கிராப் யார்டில் 2013 ஃபோர்டு ரேஞ்சரில் கழற்றிய 17 இஞ்ச் செட் மலிவாகக் கிடக்கிறது. "ஆறு துளைன்னா எல்லா பக்கிக்கும் ஏறும்" என்கிறார் யார்டுக்காரர். நம்பலாமா? இல்லை, ஒரிஜினல் ஒன்றே ஒன்று தேடி வாங்குவதா? அப்படியானால் ஒரிஜினல் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஃபீனிக்ஸ் பையன்:
வெல்டிங் வைத்தால் முடிந்ததே அண்ணா? இங்கே நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

டொங்காட் பட்டறை:
தம்பி, வெல்டிங் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். உள்விளிம்பில் சின்னக் கோடு என்றால் அலுமினியம் தெரிந்தவர் கையில் வெல்டிங் நிற்கும், நிற்காமலும் போகும். அதே விரிசல் ஸ்போக்கிலோ நட்டு துளைப் பக்கமோ இருந்தால் அந்த வீலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதிலும் உங்களுடையது முன் வீல். பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். நானாக இருந்தால் மாற்றிவிடுவேன்.

ரேஞ்சர் செட்டை விட்டுவிடுங்கள். யார்டுக்காரர் துளையை மட்டும் எண்ணுகிறார். இரண்டு வண்டிக்கும் ஆறு துளை, பி.சி.டி.யும், அதாவது துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும், ஒரே 139.7 மி.மீ., நட்டு மரையும் 12க்கு 1.5 (12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.5 மி.மீ.). அதுவரை சரி. ஆனால் வீல் நடுவிலிருக்கும் பெரிய ஓட்டையைப் பாருங்கள். ஹைலக்ஸுக்கு 106 மி.மீ., ரேஞ்சருக்கு 93.1. உங்கள் முன் ஹப், அதாவது வீல் மாட்டும் நடுக் குடம், ரேஞ்சர் வீலின் ஓட்டைக்குள் நுழையவே நுழையாது, வீல் பிரேக் டிஸ்க்கைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

இன்னொன்று இ.டி., அதாவது ஆஃப்செட்: வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்ற அளவு. 2011க்குப் பிறகு வந்த ரேஞ்சர் 17 இஞ்ச் வீல் 8 இஞ்ச் அகலம், இ.டி. 55. உங்கள் பழைய வீல் 15 இஞ்ச் என்றால் 7 இஞ்ச் அகலம், இ.டி. 30ஆக இருக்க வேண்டும். அகலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ரேஞ்சர் வீலின் உள்விளிம்பு 38 மி.மீ. போல வண்டிக்கு உள்ளே போகும். ஸ்டியரிங் திருப்பினால் டயரின் உள்கன்னம் சஸ்பென்ஷன் மேல் ஆர்மில் உரசும்.

ஒரிஜினல் அடையாளம் முன்பக்கத்தில் இல்லை. சென்டர் கேப்பில் டொயோட்டா சின்னம் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அந்தக் கேப்பைத் தனியாக யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். வீலைக் குப்புறப் போட்டு, ஸ்போக்கின் பின்புறத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். 15 x 7ஜே மாதிரி அளவு வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். இ.டி. எண்ணும், ஜப்பான் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல்.லும் பக்கத்திலேயே தேடினால் கிடைக்கும். குறி இருப்பதாலேயே ஒரிஜினல் ஆகிவிடாது, காப்பி வீலிலும் அதை அச்சடிக்கிறார்கள். நாலு வீலையும் பக்கத்தில் வைத்து எழுத்தின் வடிவம், ஸ்போக்கின் தடிமன், வால்வு துளை இருக்கும் இடம் மூன்றையும் ஒப்பிட்டால் வேற்று வீல் தானாகக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் டீலர் பார்ட்ஸ் கவுண்டரில் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரி எண் கேளுங்கள். டொயோட்டா வீலின் எண் 42611 என்று தொடங்கும்.

ஃபீனிக்ஸ் பையன்:
ரேஞ்சர் வீலின் நடு ஓட்டையை லேத்தில் கடைந்து 106 ஆக்கி, ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் தனி நட்டோடு மாட்டும் தடித்த வளையம்) போட்டால்?

டொங்காட் பட்டறை:
ஏறும். கடைகிற கூலி, ஸ்பேசர் விலை, அலைச்சல் எல்லாம் கூட்டிப் பார், அந்த மலிவு எங்கே மிஞ்சுகிறது? இறுக்கிப் பார்க்க வேண்டிய நட்டுகளும் இரட்டிப்பாகும்.

ஹார்ட்பாடி அண்ணன்:
நிசான் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்ட்பாடி 4x4 ஆறு துளை, 139.7தான். ஆனால் நட்டு மரை 12க்கு 1.25. டொயோட்டா நட்டை ஏற்றினால் இரண்டு சுற்றில் இறுகும், அதற்கு மேல் ஸ்பேனரைப் போட்டு மிதித்தால் ஸ்டட் போச்சு. டி40 நவாராவில் பி.சி.டி.யே வேறு, 114.3.

சாட்ஸ்வர்த் பக்கிக்காரன்:
நன்றி ஐயா. வீலின் பின்னால் தேய்த்துப் பார்த்தேன், 15 x 7ஜே, 30 என்று தெளிவாக இருக்கிறது. டயர் 255/70 ஆர் 15. யார்டில் டேப் வைத்து எதை எப்படி அளப்பது? இன்னொருவரிடம் பழைய ஃபார்ச்சூனர் 17 இஞ்ச் செட்டும் இருக்கிறதாம்.

டொங்காட் பட்டறை:
ஆறு துளைக்கு அளப்பது சுலபம். எதிரெதிர் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் அதுவே பி.சி.டி. பழைய லோ பாடி 4x2 ஹைலக்ஸ் மாதிரி ஐந்து துளை என்றால் எதிர்த் துளை கிடையாது; அடுத்தடுத்த இரண்டு துளைகளின் தூரத்தை 1.701ஆல் பெருக்கணும். 67.2 வந்தால் 114.3. நடு ஓட்டையை மட்டும் டேப்பால் அளக்காதீர்கள், வெர்னியர் அளவுகோல் எடுத்துப் போங்கள்.

ஃபார்ச்சூனர் முதல் மாடல் 17 இஞ்ச் வீல் 7.5 அகலம், இ.டி. 30, நடு ஓட்டை 106. தாராளமாக ஏறும். ஆனால் அதோடு வரும் 265/65 ஆர் 17 டயர் உங்களுடையதை விட விட்டத்தில் 38 மி.மீ. பெரிது, அதாவது ஐந்து சதவீதம். ஸ்பீடு மீட்டர் இப்போது காட்டுவதை விடக் குறைத்துக் காட்டும். ஸ்பேர் வீலும் சேராது, அதையும் மாற்றணும். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு வீல் போனதற்கு இவ்வளவு செலவா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் நட்டைப் பாருங்கள். டொயோட்டா மேக் நட்டுக்குக் கீழே நீளமான கழுத்தும் தட்டை வாஷரும் இருக்கும், வீலின் துளை விளிம்பும் தட்டையாக இருக்கும். வெளிக்கடை மேக்கில் பெரும்பாலும் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் இறுக்கின மாதிரிதான் தெரியும், ஓட ஓட லூசாகும்.

கிளேர்வுட் லாரி:
யார்டில் வாங்கினால் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள் அண்ணா. நம்ம தென்னாப்பிரிக்காவின் 2009 செகண்ட் ஹேண்ட் பொருள் சட்டப்படி அவர்கள் பதிவேடு வைத்தே ஆகணும். ரசீது தர மறுக்கிறான் என்றால் வீல் எந்த வண்டியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக இறங்கியதோ.

சாட்ஸ்வர்த் பக்கிக்காரன்:
அதே யார்டிலேயே மூலையில் ஒரு ஒற்றை 15 இஞ்ச் கிடைத்தது, ரசீதோடு! 7ஜே, 30, வெர்னியரில் 106, எழுத்து வடிவமும் என்னுடையதைப் போலவே. டயர் உட்காரும் உள்விளிம்பில் மட்டும் வெள்ளைப் பூஞ்சை மாதிரிப் பொடி படிந்திருக்கிறது. பிரச்சினையா?

டொங்காட் பட்டறை:
கடல் உப்பு தின்ன அலுமினியம், நம்ம ஊரில் சகஜம். டயர் ஏற்றுவதற்கு முன்னால் அதைச் சுரண்டி வழவழப்பாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விரிசலே இல்லாமல் காற்று இறங்கும். பேலன்சிங் மெஷினில் வெறும் வீலைச் சுற்றவிட்டு வளைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஹப்பில் படிந்த துருவையும் தேய்த்து எடுங்கள். ஸ்டட்டில் கிரீஸ் பூசக் கூடாது. ஒன்றுவிட்டு ஒன்றாக, டார்க் ஸ்பேனரில் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, நூறு கிலோமீட்டர் போனதும் மறுபடி பார்த்துவிடுங்கள்.