ஸ்பிட்ஃபயர் மார்க் 4: கிளட்ச் விடும்போது ‘டொக்’ சத்தம், எஞ்சின் மவுண்ட் வீட்டிலேயே மாற்றலாமா?

திருவான்மியூர் டிரைவர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1973 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 இருக்கிறது, 1296 சி.சி. என் மாமா ஓட்டிய வண்டி, இப்போது என் பொறுப்பில். சமீபமாக ஐடிலிங்கில் நிற்கும்போது ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் நடுங்குகின்றன. முதல் கியரில் கிளட்சை விட்டால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு ‘டொக்’. பானட்டைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் ஃபேன் இறக்கை உரசிய தடம் பளிச்சென்று தெரிகிறது.

எஞ்சினைச் சேஸிஸில் தாங்கி நிற்கிற எஞ்சின் மவுண்ட் ரப்பர் போய்விட்டது என்று நினைக்கிறேன். வண்டி நிற்பது அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கில், தரை பேவர் பிளாக். டிராலி ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டும் இருக்கின்றன. மேலே பீமில் ஒரு கொக்கி இருக்கிறது, அதில் செயின் புல்லி மாட்டி எஞ்சினைத் தூக்கலாமா? ரப்பரை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டுமா, சென்னை ஜி.பி. ரோடு பாகக் கடைகளில் கிடைக்குமா? கடையில் விட மனமில்லை, நானே செய்து பார்க்க ஆசை.

பல்லாவரம் பட்டறை

தம்பி, தாராளமா நீங்களே செய்யலாம். ஸ்பிட்ஃபயர் மாதிரி வேலைக்கு இடம் கொடுக்கிற வண்டி குறைவு. பானட் முழுசா முன்பக்கம் கவிழும், டயர் மேலே உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஆனால் அந்தக் கொக்கி வேண்டவே வேண்டாம். எந்தக் கனத்துக்காக அதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மவுண்ட் மாற்ற எஞ்சினை வெளியே எடுக்கத் தேவையில்லை. கீழிருந்து கொஞ்சம் தாங்கினால் போதும்.

ரப்பர் வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓட விடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கையும் மிதித்தபடி, முதல் கியரில் கிளட்சை மெதுவாகப் பிடிக்கும் இடம் வரை விடட்டும். அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. நீங்கள் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பாருங்கள், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். எஞ்சின் லேசாகச் சாய்வது இயல்பு. ஒரு பக்கம் எழும்பி ‘டொக்’ என்று உட்கார்ந்தால் அந்தப் பக்க ரப்பர் இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்துவிட்டது.

இரண்டாவது, பின்பக்கம். இதே சத்தத்தை டிரைவ் ஷாஃப்டை இணைக்கிற சிலுவை மூட்டான யுனிவர்சல் ஜாயின்டும் கொடுக்கும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலின் மவுண்ட் புஷ்ஷும் கொடுக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும், நீங்கள் எஞ்சின் முன்முனையில் இருக்கிற கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த டிரையம்ப் எஞ்சின்களின் தெரிந்த பலவீனம் அது. ரொம்பத் தேய்ந்தால் வாஷர் கழன்று சம்ப்பில் (எஞ்சின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியில்) விழும், அதற்குப் பிறகு கிராங்க் ஷாஃப்ட்டே பிளாக்கை அரைக்க ஆரம்பித்துவிடும். அப்படி நகர்ந்தால் மவுண்டை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஹெரால்டு வீட்டுக்காரர்

எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது, அதனால் இந்த இழையைப் பார்த்ததும் மகிழ்ச்சி. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் டிரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தது, எஞ்சினும் அதே குடும்பம். நம் ஊர் ஹெரால்டு பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் உருவான வண்டி. சென்னையில் இந்த எஞ்சினில் கை வைத்துப் பழகிய பழைய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள்.

பாகத்துக்கு: ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ‘ஹெரால்டு மவுண்டிங் ரப்பர்’ என்று கேளுங்கள். பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். பழையதைக் கழற்றி கையோடு எடுத்துப் போய் உயரம், துளை இடைவெளி, மரை மூன்றையும் ஒப்பிடுங்கள். நகத்தால் அழுத்தினால் புது ரப்பர் லேசாக அமுங்கித் திரும்ப வர வேண்டும். கடையில் பல வருடம் கிடந்த சரக்கு வெயில் பட்ட செருப்பு மாதிரி விறைத்திருக்கும், மடக்கிப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரியும். அதை மாட்டினால் நடுக்கம் இன்னும் கூடும். ஒத்துப்போகவில்லை என்றால் இங்கிலாந்திலிருந்தே வரவழையுங்கள், அங்கே ஸ்பிட்ஃபயர் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

இன்னொன்று, இதில் இருப்பது மில்லிமீட்டர் மரை இல்லை, அங்குல அளவிலான யு.என்.எஃப். மரை. 1/2, 9/16 அங்குல ஏ.எஃப். ஸ்பேனர் (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு நடுவே உள்ள அளவு) வாங்கிக்கொள்ளுங்கள். 1/2க்கு 13 எம்.எம். ஒரு மாதிரி ஒத்துழைக்கும். 9/16க்கு 14 நுழையாது, 15 நழுவி நட்டின் முனையைத் தின்றுவிடும்.

திருவான்மியூர் டிரைவர்

இருவருக்கும் நன்றி. புல்லி அசையவில்லை, பெரிய நிம்மதி. கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் இருக்கிற பக்கம் எஞ்சின் நன்றாக எழும்பி உட்காருகிறது. எதிர்ப்பக்க ரப்பர் பிரியவில்லை, ஆனால் ஆயிலில் ஊறி உப்பியிருக்கிறது, விரலால் அழுத்தினால் பிசுபிசு என்று உள்ளே போகிறது. கடற்காற்றில் போல்ட்டுகள் எல்லாம் துரு. எப்படி ஆரம்பிப்பது?

பல்லாவரம் பட்டறை

எழும்புகிற பக்கம் எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்து விட்டுப்போனது. எதிர்ப்பக்கத்துக்கு எமன் ஆயில். அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புது ரப்பர் போட்டால் காசு வீண், அதுவும் ஊறிப் போகும். எஞ்சினைத் துடைத்துவிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவரின் கார்க் கேஸ்கெட், ஃபியூயல் பம்ப் உட்காரும் இடம், டிஸ்ட்ரிபியூட்டர் அடிப்பகுதி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ராக்கர் கவர் ஒழுகினால் நட்டை இன்னும் இறுக்காதீர்கள், தகடு வளைந்து ஒழுக்கு கூடும். கார்க்கை மாற்றுங்கள்.

துருவுக்கு, முந்தைய நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். காலையில் இன்னொரு முறை.

வேலைக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். பேவர் பிளாக்கில் ஸ்டாண்டின் கால் ஒரு பக்கமாக இறங்கும், அடியில் கனமான பிளைவுட் போடுங்கள். வண்டியைச் சேஸிஸில்தான் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் பக்கவாட்டில் ஒருமுறை உலுக்கிப் பாருங்கள், அசைந்தால் கீழே போகாதீர்கள்.

சம்ப் வெறும் தகடு. ஜாக்கை நேராக வைத்தால் பள்ளம் விழுந்து ஆயில் பிக்கப் குழாயில் இடிக்கும். சம்ப்பின் அகலத்துக்கு ஒரு பலகை வைத்து அதற்குக் கீழே ஜாக்கைக் கொடுங்கள். எஞ்சின் எடையை ஜாக் வாங்கியதா என்பதை ஸ்பேனரால் தளர்த்திய மவுண்ட் போல்ட்டே சொல்லும், அதுவரை இறுக்கமாக இருந்தது கையால் சுழல ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்துங்கள். தூக்குவதற்கு முன் எக்ஸாஸ்ட் குழாய் கியர்பாக்ஸ் பக்கம் பிடித்திருக்கிற கிளாம்பைத் தளர்த்துங்கள், மேல் ஹோஸ், ஆக்சிலரேட்டர் இணைப்பு, ஃபியூயல் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒருமுறை பாருங்கள். இந்த வண்டியில் ஃபேன் கிராங்க் முனையிலேயே இருக்கிறது, எஞ்சின் எங்கே போனாலும் அதுவும் கூடப் போகும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு அட்டையைச் சொருகி வையுங்கள்.

இரண்டு பக்க போல்ட்டையும் தளர்த்தியிருந்தாலும், கழற்றுவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புது ரப்பரை வைத்து எல்லா போல்ட்டையும் கையால் நான்கு மரை ஏற்றுங்கள். துளை பொருந்தவில்லை என்றால் கடப்பாரையால் நெம்ப வேண்டாம், ஜாக்கைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் தானாக வந்து உட்காரும். இரண்டு பக்கமும் முடிந்த பின் ஜாக்கை முழுசா இறக்கி, எஞ்சின் எடை ரப்பரில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், முதல் நாளே நடுக்கம் வரும். இறுக்கும் அளவுக்கு வொர்க்‌ஷாப் மேனுவலைப் பாருங்கள்.

மடிப்பாக்கம் வயரிங்

ஒரு வரி சேர்க்கிறேன். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கிற எர்த் ஸ்ட்ராப்பை மறக்காமல் மாட்டுங்கள். மவுண்ட் ரப்பர் கரன்டைக் கடத்தாது. ஸ்ட்ராப் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் இழுக்கிற கரன்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் புகைந்து எரியும். பக்கத்தில்தான் பெட்ரோல். துருப்பிடித்திருந்தால் புதுசு போட்டு, உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்.

திருவான்மியூர் டிரைவர்

முடித்துவிட்டேன்! ஆயில் வந்தது ராக்கர் கவர் கார்க்கிலிருந்து, அது மரத்துண்டு மாதிரி காய்ந்து ஒரு மூலையில் உடைந்திருந்தது. கழற்றிய மவுண்டில் ஒன்று கையில் எடுத்ததும் ரப்பர் தனி, தகடு தனி என்று இரண்டாக வந்தது. ஜி.பி. ரோட்டில் கிடைத்தது உயரம் குறைவாக இருந்ததால் வேண்டாம் என்று இங்கிலாந்திலிருந்தே வரவழைத்தேன். எர்த் ஸ்ட்ராப்பும் புதுசு. இப்போது ஃபேனுக்கும் கீழ் ஹோஸுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது, முன்பக்க ‘டொக்’ போய்விட்டது. ஐடிலிங்கில் மெல்லிய அதிர்வு மட்டும் சீட்டில் தெரிகிறது, இது சாதாரணமா? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது வண்டியின் பின்பக்கம் ஒரு சின்ன ‘கிளிக்’ இன்னும் கேட்கிறது.

பல்லாவரம் பட்டறை

ரொம்ப சந்தோஷம் தம்பி. புது ரப்பர் விறைப்பாகத்தான் இருக்கும், கொஞ்சம் ஓடினால் படியும். ஐடிலிங் ஆர்.பி.எம். ரொம்பக் குறைவாக வைத்திருந்தால் அதையும் கொஞ்சம் ஏற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

‘கிளிக்’ யுனிவர்சல் ஜாயின்ட் மாதிரி தெரிகிறது. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாயின்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும், சிலுவை ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கழற்றும் முன் ஃபிளேஞ்சில் (ஷாஃப்ட் போல்ட்டால் சேருகிற தகட்டு முகத்தில்) பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.