இறக்கமா, சரிவா? இடுப்புறுப்பு அறுவைச் சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

தாங்கும் தசை தளர்ந்து கருப்பையோ யோனிச் சுவரோ கீழே இறங்கும் நோய்க்குச் (pelvic organ prolapse) செய்யும் அறுவைக்கான ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுத்தாக வேண்டும். அந்த நோயை 'இறக்கம்' என்பதா, 'சரிவு' என்பதா, அறுவைகளை எப்படிப் பெயரிடுவது என்பதே கேள்வி. அதனால் இதுவரை வந்த கருத்துகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

'கருப்பை இறக்கம்' நோயின் பெயராக இருக்கும்வரை தொல்லையில்லை. 'அடி இறங்கிவிட்டது' என்று சொல்லும் பெண்ணுக்கும் அது புரியும். ஆனால் பின்னால் 'அறுவை' சேர்ந்ததும் மகர ஈறு கெட்டு 'கருப்பை இறக்க அறுவை' ஆகிறது. படிப்பவர் அதைக் கீழே இறக்கும் அறுவை என்று எடுத்துக்கொள்ளலாம், 'சாக' என்றும் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் தாளில் அந்தச் சொல் நிற்கவே கூடாது.

'சரிவு' எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் இப்படிக் குழப்பாது. நிலச்சரிவு நினைவுக்கு வருகிறது என்றார் ஒருவர். ஆனால் உடல் தளர்வதைச் சொல்லவும் அந்தச் சொல்லுக்குப் பழைய வழக்கு உண்டு. முதுமையைப் பாடும் திருப்புகழ் 'தொந்தி சரிய' என்றுதானே தொடங்குகிறது? 'பிறழ்ச்சி' என்ற பரிந்துரையும் வேண்டாம். பிறழ்வது தடம் மாறுவது, இங்கே நடப்பது தாங்கும் தசையும் இணைப்புத் திசுவும் தளர்வது.

அடுத்தது, எது சரிகிறது என்பது. கருப்பையை எடுத்துவிட்ட பெண்ணுக்கும் யோனியின் உச்சி சரியலாம். அவருக்குக் 'கருப்பை இறக்கம்' என்று எழுத முடியுமா? இந்நோய்க்கென 1996இல் வந்த அளவீட்டு முறையும் (POP-Q) யோனிச் சுவர்களின் புள்ளிகள் கன்னிச்சவ்விலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே இருக்கின்றன என்றே அளக்கிறது. ஆகவே முன்சுவர்ச் சரிவு, பின்சுவர்ச் சரிவு, உச்சிச் சரிவு.

அறுவைகளுக்குச் செய்வதையே பெயராக வைப்போம்: முன்சுவர்ச் சீரமைப்புத் தையல், வயிற்று வழி வலைப் பிணைப்பு (யோனியின் உச்சியைச் செயற்கை வலையால் எலும்போடு பிணைப்பது). வழியையும் வலையையும் விடக்கூடாது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்நோய்க்கு யோனி வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் வலைக்கு அந்த ஆணை பொருந்தாது. பெயரில் வழி இல்லையென்றால் நோயாளி இரண்டையும் ஒன்றென்று அஞ்சுவார். உச்சியை எந்த எலும்போடு பிணைக்கிறார்களோ அதன் பெயர் திருவெலும்பா, திரிகமா என்பது தீராத வழக்கு. படிவத்தில் 'முதுகெலும்பின் அடிப்பகுதி' என்று எழுதிவிடுகிறேன்.

சரிவைத் தடுக்க யோனியையே மூடிவிடும் அறுவைக்கு வந்த 'யோனி அடைப்பு' என்ற பரிந்துரையை மட்டும் கடுமையாக மறுக்கிறேன். அடைப்பு என்றால் ஏதோ நோய் என்று தோன்றும். அந்த அறுவைக்குப் பின் உடலுறவு இயலாது. 'யோனியை மூடித் தைத்தல்' என்று எழுதினால்தான் அந்தப் பெண் தெரிந்து ஒப்புவார்.

பெரும்பாலோர் 'சரிவு' பக்கம் வந்துவிட்டீர்கள். செவிலியம் கற்பிக்கும் அம்மா மட்டும், வாயால் இறக்கம், தாளில் சரிவு என்றால் இரண்டு நோய் என்று நினைத்துவிடுவார்கள் என்கிறார். நியாயமான கவலை. முதல் பக்கத்தில் 'சரிவு (இறக்கம்)' என்று சேர்த்துப் போடுகிறேன். அம்மாவுக்கு அது போதாது என்றால் வியாழனுக்குள் சொல்லட்டும்.